லியூ காங்கின் வெள்ளைக் கோடு

ஓவியர் லியூ காங்கிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய வெள்ளைக் கோடு. பாத்திக் துணியில் மெழுகு தொட்ட இடத்தைச் சாயம் பிடிக்காது; அங்கே நூலின் நிறம் கோடாகத் தங்கிவிடும். நம் வீட்டுக் கைலிகளில் அன்றாடம் பார்ப்பதுதான். லியூ காங் அந்த அழகைத் தைல வண்ணத்துக்குள் கொண்டுவந்தார். அவருடைய படங்களில் உருவங்களை இருட்டு நிழல் பிரிப்பதில்லை, வெளிச்சமே பிரிக்கிறது. நம் உச்சி வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கோடு எது?

1911இல் சீனாவின் பூஜியானில் பிறந்தவர், சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்தார். ஷாங்காயிலும் பாரிஸிலும் ஓவியம் படித்து, ஷாங்காயில் ஆசிரியராகவும் இருந்தார். 1937இல் சீனாவில் போர் மூண்டது. அதே ஆண்டு மணமுடித்து, ஜொகூரின் மூவாருக்கு வந்து குடும்பம் நடத்தினார். பாரிஸில் பழகிய கண்ணுக்கு ஆற்றங்கரை ஊரான மூவார் சிறியதாகப் பட்டிருக்கலாம். ஆனால் ஆறு, தென்னை, தூண்வீடு என்று இந்த மண்ணின் காட்சிகளை அவர் கடைசிவரை விடவேயில்லை.

பிறகு சிங்கப்பூரில் குடியேறினார்; 1952இல் நண்பர்கள் மூவருடன் பாலித் தீவுக்குப் பயணம் போனார். 1975இல் வரைந்த ‘ஆற்றோர வாழ்க்கை’யைப் பாருங்கள். அதில் நிலமும் வானமும் மட்டுமில்லை, வேலையும் பேச்சுமாக மனிதர்கள் நிறைந்திருக்கிறார்கள். குடும்பங்கள் வாழும் இடமாகவே அவர் நிலக்காட்சியைப் பார்த்தார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2003இல், மறைவதற்கு முந்தைய ஆண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தம் படைப்புகளைச் சிங்கப்பூர் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.