நொதிகளைத் தடுக்கும் கடல் சாமந்திப் பெப்டைடுகள்

கடல் சாமந்தி என வழங்கும் கடல் அனிமோன், பாறையிலோ மணலிலோ ஒட்டியபடி இரை பிடிக்கும் விலங்கு. அதன் உணர்கைகளில் செறிந்துள்ள கொட்டும் உயிரணுக்களிலும் உடலைப் போர்த்தும் சளியிலும், நரம்பையும் சவ்வையும் தாக்கும் நச்சுகளோடு, நொதிகளின் வேலையை நிறுத்திவைக்கும் பெப்டைடுகளும், அதாவது சில பத்து அமினோ அமிலங்கள் கோத்த குறும்புரதங்களும், கலந்திருக்கின்றன.

இவற்றுள் முதலில் கவனம் பெற்றவை புரதத்தை வெட்டும் நொதிகளைத் தடுப்பவை. மத்தியதரைக் கடலின் அனிமோனியா சல்காட்டாவிலிருந்து டிரிப்சின், கைமோடிரிப்சின், பிளாஸ்மின் ஆகியவற்றைத் தடுக்கும் பெப்டைடுகளை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1972-இல் பிரித்தெடுத்தனர். அவற்றின் அமைப்பு, 1936-இல் குனிட்சும் நார்த்ராப்பும் மாட்டுக் கணையத்திலிருந்து படிகமாக எடுத்த தடுப்பானின் அமைப்பையே பெரிதும் ஒத்திருந்ததால், இவ்வகைக்குக் குனிட்ஸ் மடிப்பு என்ற பெயரே நிலைத்துவிட்டது. கரீபியக் கடலில் வாழும் ஸ்டிகோடாக்டைலா ஹீலியாந்தஸ் தரும் ஷெச்பிஐ-1 இதற்கு நல்ல சான்று: 55 அமினோ அமிலங்களே கொண்ட இதனை, கந்தக அணுக்களை இணைக்கும் மூன்று டைசல்பைடு பாலங்கள் இறுகக் கட்டிவைக்கின்றன. டிரிப்சின் ஒரு புரதத்தை லைசின் அல்லது ஆர்ஜினின் இருக்கும் இடத்தில் வெட்டும் என்பதால், இப்பெப்டைடு தன் 13-ஆம் இடத்து லைசினை வெட்டுவதற்கு ஏற்றாற்போல் நீட்டுகிறது. நொதியும் அதைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் விறைத்த அமைப்பு வெட்டை நிறைவேறவிடாததால், பூட்டுக்குள் முறிந்துபோன சாவியைப் போல அது அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த ஒரு லைசினை லியூசினாக மாற்றினால் டிரிப்சின் மீதான பிடி தளர்ந்து, புரதத்தை வெட்டும் இன்னொரு நொதியான இலாஸ்டேஸ் மீதான பிடி வலுக்கிறது.

மாட்டிலிருந்து கிடைத்த தடுப்பான், அப்ரோடினின் என்ற பெயரில் இதய அறுவையின்போது குருதியிழப்பைக் குறைக்கும் மருந்தாகப் பயன்பட்டு, பாதுகாப்பு குறித்த ஐயங்களால் 2007-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஆகவே கடலிலிருந்து அதையொத்த இன்னொன்றைக் கொண்டுவருவதால் மட்டும் மருத்துவத்துக்குப் பெரும் பயன் விளையும் என்று சொல்வதற்கில்லை. இவ்வகையின் உண்மையான சிறப்பு வேறிடத்தில் உள்ளது. 1995-இல் விவரிக்கப்பட்ட காலிக்ளூடின்கள், டிரிப்சினைத் தடுக்கும் அதே குனிட்ஸ் மடிப்பைக் கொண்டே நரம்புச் சவ்வின் பொட்டாசிய வாயில்களையும் அடைக்கின்றன. நொதித் தடுப்பானுக்கும் நச்சுக்கும் இடையே பாடநூல்கள் வரைந்த கோடு இங்கே அழிந்துபோகிறது.

ஆக்டினியா ஈக்வினா என்ற மற்றொரு கடல் சாமந்தியிலிருந்து வந்த ஈக்விஸ்டாடின் சற்றுப் பெரியது. அதன் மூன்று பகுதிகளுள் ஒன்று பப்பாளிப் பாலின் பப்பைனையும் மற்றொன்று கதெப்சின் டி-யையும் தடுப்பதால், அத்தகைய செரிமான நொதிகளை நம்பி வாழும் கொலராடோ உருளைக்கிழங்கு வண்டின் புழு, இது பூசிய இலையைத் தின்றால் வளர்ச்சி குன்றுகிறது. ஆயினும் மரபணு மாற்றிய உருளைச் செடிக்குள் இதை உருவாக்கியபோது, செடியின் சொந்த நொதிகளே இதை வெட்டத் தொடங்கின.

மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமிலேஸைத் தடுப்பவை இத்துறையில் பிந்தி வந்தவை. ஆனால் மிகவும் புதுமையானவை. 2016-இல் வான்கூவர் ஆய்வாளர்கள் விவரித்த ஹீலியாந்தமைடும் மேற்சொன்ன கரீபிய இனத்திலிருந்தே கிடைத்தது. 44 அமினோ அமிலங்களுடைய அது குனிட்ஸ் மடிப்பைச் சாராமல், கிருமிகளை எதிர்க்கும் பீட்டா டிஃபென்சின்களின் மடிப்பைக் கொண்டது. டைரோசின், ஐசோலியூசின், டைரோசின், ஹிஸ்டிடின் என்ற வரிசையை நொதியின் வினைக்குழிக்குள் செலுத்தி, மாவுச்சத்தை வெட்ட வேண்டிய அமிலக் குழுக்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. மனிதக் கணைய அமிலேஸ் மீதான அதன் தடுப்பு மாறிலி ஏறத்தாழ 10 பிகோமோலார். அதாவது ஒரு லிட்டரில் மோலின் ஒரு லட்சம் கோடியில் பத்துப் பங்கு இருந்தாலே போதும், நொதியில் பாதி கட்டுண்டுவிடும். ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிகாவின் மேக்னிஃபிகமைடும் இதே குடும்பம். அந்த இனம் மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளிலும் வாழ்கிறது.

நீரிழிவுக்கு இன்று தரப்படும் அகார்போஸ், அமிலேஸோடு குடற்சுவரிலுள்ள குளுக்கோசிடேஸ்களையும் தடுப்பதால், செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் நொதித்து வயிற்று உப்புசம் உண்டாகிறது. அமிலேஸை மட்டும் தேர்ந்து தடுக்கும் பெப்டைடு இத்தொல்லையைக் குறைக்கும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. எனினும் வாய்வழி உட்கொள்ளும் பெப்டைடு, வயிற்றின் பெப்சினையும் குடலின் டிரிப்சினையும் கடந்த பிறகே அமிலேஸை எட்ட முடியும் என்பதால், பிடியின் வலிமைக்கு நிகராக அதன் டைசல்பைடு பாலங்கள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றன என்பதும் அளக்கப்பட வேண்டும்.