‘எழுத்து’ம் தருமு சிவராமுவும்

யாப்பைத் துறந்த கவிதைக்கு 1950களின் இறுதியிலே தமிழ்ச் சஞ்சிகையுலகில் இடந்தேடுவது எளிதாயிருக்கவில்லை. வார இதழாசிரியர்க்கு அது வசனத்தை முறித்தடுக்கியதாகத் தோன்றிற்று. புலவர்க்கோ பிழைபட்ட செய்யுளாகத் தோன்றிற்று. ந. பிச்சமூர்த்தி 1934 இல் ‘மணிக்கொடி’யில் தொடக்கி வைத்த முயற்சி இடையிலே தேங்கிக் கிடந்தமைக்கு இவ்விருவகை நோக்கும் காரணமாம்.

இத்தேக்கத்தை உடைத்தது, சி. சு. செல்லப்பா சென்னையில் 1959 சனவரியில் தொடங்கிய ‘எழுத்து’. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என ஆசிரியரே அதற்கு வரம்பு கட்டினார். அவ்வெல்லையை எட்டும் பேறு அதற்கு ஒருபோதும் வாய்க்கவில்லை என்பது வேறு கதை. விமரிசனத்தையே முதன்மையாகக் கருதித் தொடங்கிய அவ்வேடு, புதுக்கவிதையின் வளர்ப்புப் பண்ணையாக மாறியமை வியப்புக்குரியது.

பின்னாளிற் பிரமிள் என அறியப்பட்ட தருமு சிவராமு 1939 இல் திருகோணமலையிற் பிறந்தவர். இவருடைய ஆக்கங்கள் 1960 இல் ‘எழுத்து’வில் வெளிவரத் தொடங்கியபோது வயது இருபதை ஒட்டியிருந்தது. பட்டமோ பதவியோ இல்லாத, கடல் கடந்த நாட்டு இளைஞர் ஒருவரின் எழுத்தைச் செல்லப்பா அதன் தகுதி ஒன்றையே நோக்கி ஏற்றார். இன்று இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆளறிந்து இடங்கொடுக்கும் வழக்கம் எந்நாளும் உள்ளதேயாதலின் அது சிறிதன்று.

சிவராமுவின் கவிதை கருத்தை விளக்கிக் கூறுவதில்லை. ஓர் இயற்கைப் பொருளை மற்றொன்றாக மாற்றிக் காட்டி, அம்மாற்றத்தின் அதிர்வையே பொருளாக நிறுத்துவது அது. ஓசையிலும் உவமையிலும் பழகிய செவிக்கு இது முதலிற் புரியாததில் வியப்பில்லை. அதனை வெளியிட்டதோடு செல்லப்பா அமைந்துவிடவில்லை. புதுக்கவிதையின் உருவம், படிமம் ஆகியன பற்றிய கட்டுரைகளை அதே இதழில் தொடர்ந்து வெளியிட்டு, வாசகரை அதற்குப் பழக்கினார். சிவராமுவும் அங்கே விமரிசகராக எழுதினார். விமரிசகரை வசைபாடும் கவிஞர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். 1962 இல் செல்லப்பா தொகுத்த ‘புதுக்குரல்கள்’ இருபத்துநான்கு கவிஞர்களை ஒருங்கே நிறுத்தியபோது, அதனைப் படிக்கவல்ல சிறு கூட்டமொன்று ஏற்கெனவே உருவாகியிருந்தது.

ஆயினும் அச்சிறுமைக்கு விலையும் உண்டு. அதே காலத்தில், 1959 முதல் 1961 வரை, க. கைலாசபதியை ஆசிரியராகக் கொண்ட ‘தினகரன்’ சமுதாய நோக்குடைய ஈழத்து எழுத்துக்குப் பரந்த களம் அமைத்தது. அந்நோக்கினர்க்குச் சிவராமுவின் அகமுகக் கவிதை உவப்பாயிருக்கவில்லை. ஆதலின் சென்னையிற் சில நூறு வாசகரைப் பெற்ற கவிஞர், பிறந்த நாட்டிலே பெரிதும் அறியப்படாதவராயிருந்தார். குறை ஒரு பக்கத்தது மட்டுமன்று. நாளேடு புதுவடிவத்தை ஐயத்தோடு நோக்கிற்று. சிற்றேடோ தன் வட்டத்துக்கு வெளியே செல்ல விரும்பவில்லை.

சிவராமுவின் முதற்றொகுதியாகிய ‘கண்ணாடியுள்ளிருந்து’ 1972 இலேயே நூலுருப் பெற்றது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளிலும் அவருடைய கவிதைகளை நாடியோர், கைமாறிக் கைமாறி ஓரங்கிழிந்த சிற்றேடுகளையே புரட்ட வேண்டியிருந்தது.