ஒன்பது முறை திரும்பியவர்

முதியோர் தம் இளமையை நினைவுகூரும்போது இரண்டு சோதனைகள் அவர்களை எதிர்கொள்கின்றன. செய்ததைப் பெருக்கிச் சொல்வது ஒன்று; செய்ததை மறைத்துவிடுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடங்கொடாத போர் நினைவு நூல்கள் சிலவே. ஜார்ஜ் 'ஜானி' ஜான்சன் 2014-இல், தமது 92-ஆம் வயதில் வெளியிட்ட 'தி லாஸ்ட் பிரிட்டிஷ் டேம்பஸ்டர்' என்னும் நூலை அச்சிலவற்றுள் ஒன்றாகக் கருதுகிறோம். 2022 டிசம்பரில், 101-ஆம் வயதில் அவர் மறைந்தார். ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்கச் சென்று திரும்பியவர்களுள் இறுதியாக எஞ்சியிருந்தவர் அவரே.

1943 மே 16-ஆம் நாள் இரவு, பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆம் அணியைச் சேர்ந்த 19 லங்காஸ்டர் விமானங்கள் 133 வீரருடன் புறப்பட்டன. ரூர் தொழிற்பகுதிக்கு நீர் தந்த அணைகளை உடைப்பது அவர்கள் நோக்கம். எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 வீரர் மாண்டனர். ஜோ மெக்கார்த்தி என்ற அமெரிக்கர் ஓட்டிய விமானத்தில் ஜான்சன் குண்டு எறிபவர். அமெரிக்கரும் கனடியரும் ஆங்கிலேயருமான எழுவர் அதில் ஒரு குடும்பம்போல் இருந்தனர். மூன்று வயது நிரம்புமுன் தாயை இழந்து, தந்தையின் கொடுமையில் வளர்ந்த ஜான்சனுக்கு அக்குழு எத்தகைய அடைக்கலமாயிற்று என்பதை உணராமல் இந்நூலின் உயிரோட்டத்தை உணர முடியாது.

அவர்களுக்குக் குறிக்கப்பட்டது சோர்ப்பே அணை. முதலில் அதற்கென அனுப்பப்பட்ட ஐந்து விமானங்களுள் இது ஒன்றே இலக்கை எட்டியது. மற்ற அணைகளைப்போல் கற்சுவராக அன்றி, நடுவே கற்காரைச் சுவர் கொண்ட மண்மேடாக இருந்தமையால், நீர்மேல் தத்திச் செல்லும் குண்டு அங்குப் பயன்படாது. கரையை ஒட்டியே பறந்து, நடுப்பகுதியில் துல்லியமாக இட வேண்டும். குன்றின்மேல் இருந்த லாங்ஷெய்ட் சிற்றூரின் ஆலயக் கோபுரமே அடையாளம். அதைக் கடந்து தாழ இறங்கி, எதிர்க்குன்றில் மோதாமல் எழ வேண்டும். ஒன்பது முறை பறந்தும் ஜான்சனுக்கு நிறைவில்லை; குண்டை விடவில்லை. பின்புறத் துப்பாக்கி வீரர் பொறுமையிழந்து கடிந்துகொண்டாராம். பத்தாம் முறை, சுமார் 30 அடி உயரத்தில், குண்டு விழுந்தது. அணையின் மேல்விளிம்பு சிதைந்தது. ஆனால் அணை உடையவில்லை.

தம் வாழ்வின் தலையாய செயல் முழு வெற்றி பெறவில்லை என்பதை மறைக்காமல் சொல்லும் நேர்மையே நூலின் முதற்சிறப்பு. அலங்காரமற்ற நடை அதற்குத் துணைநிற்கிறது. எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்நினைவு பெரும்பாலும் விமானத்தின் மூக்குப்பகுதியிலேயே படுத்துக்கிடக்கிறது. திரும்பும் வழியில், உடைந்த மோனே அணைக்குக் கீழே நிலம் கடலாகக் கிடந்ததை அவர்கள் கண்டனர். அக்கடலுக்குள் இருந்தவர் யாவர்? அன்றிரவு வெள்ளத்தில் மாண்டோர் 1,300-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்குமேல் அயல்நாட்டார். நேஹைம் நகரருகே முகாமில் அடைக்கப்பட்டிருந்த அடிமைத் தொழிலாளரான சோவியத் பெண்கள் பலர். 'விண்ணக வாயில்' என்று பொருள்படும் ஹிம்மெல்ஃபோர்ட்டென் ஊரின் பழைய ஆலயம் அடித்துச் செல்லப்பட்டது, பங்குத்தந்தையும் மாண்டார். ஓர் ஆலயக் கோபுரம் வழிகாட்டிய அதே இரவில் மற்றோர் ஆலயம் நீரில் மறைந்தது.

பிற்காலத்தில் தீர்ப்புக் கூறுவோரிடம், அன்று நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று ஜான்சன் கேட்பதுண்டு. அக்கேள்வியில் நியாயம் உண்டு. நாட்சிக் கொடுமையை எதிர்த்துப் போரிட்ட 21 வயது இளைஞரைச் சாய்வு நாற்காலியிலிருந்து குற்றஞ்சாட்டுவது நமக்குத் தகாது. நகரங்களைக் கண்மூடி அழிப்பதை 1965-இல் கண்டித்த 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு, நாட்டைக் காக்கும் படைவீரரை இழித்துரைக்கவில்லை. ஆயினும் அக்கேள்வி எல்லாவற்றையும் முடித்துவிடுவதில்லை. அங்கே இருந்தவருள் நீரில் மூழ்கியோரும் உளர். அவர்கள் நூல் எழுதவில்லை. பொதுமக்களுக்குப் பேரிழப்பு நேருமாயின் அணைகளைத் தாக்கலாகாது என்று 1977-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்த இணைப்பு விதித்தபோது, அவர்களுடைய மௌனத்திற்கும் ஒரு குரல் கிடைத்தது எனலாம்.

அதே 617-ஆம் அணிக்குப் பின்னர்த் தலைமை தாங்கிய லெனர்ட் செஷயர், 1945-இல் நாகசாகி அழிவை வானிலிருந்து கண்டவர், 1948-இல் கத்தோலிக்கரானார். நோயுற்றோருக்காக அவர் தொடங்கிய இல்லங்கள் இந்தியாவிலும் பரவின. ஜான்சனின் வழி வேறு. 1962-இல் விமானப்படையை விட்டு ஆசிரியரானார். பின்னர் மனநல மருத்துவமனைகளிலும் கற்பித்தார். இதை அவர் பரிகாரம் என்று சொல்லவில்லை. நாமும் அப்பெயரை அவர்மேல் சுமத்த வேண்டியதில்லை. பிழையாக இடுவதைவிடத் திரும்பி வருவது மேல் என எண்ணிய அந்தப் பொறுமை, வகுப்பறையிலும் அவருக்கு உதவியிருக்கும் என்று மட்டும் எண்ணிக்கொள்கிறோம்.

நம் இளைஞர்கள் இந்நூலைப் படிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. கடமை, தோழமை, அச்சத்தை வெல்லும் ஒழுங்கு ஆகியவற்றை இது கற்பிக்கும். படித்து முடித்தபின், திரும்பாத 53 வீரருக்காக மன்றாடும்போது, நேஹைம் முகாமின் பெயரறியாப் பெண்களையும் அதே மன்றாட்டில் சேர்த்துக்கொள்வோம். நூல் விட்ட இடத்தை நிரப்பும் கடமை வாசகருக்கு உண்டு.