கருவியா, பதிவா?

தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை, பல்லாவரம் வழியாகப் பரங்கிமலை அடிவாரம் வரை உள்ள நம் ஆலயங்கள் பலவற்றில், ஞாயிறு திருப்பலியின்போது கண்களை மூடிக்கொண்டு கேட்டால், ஓர் ஆர்கனும் பத்துப் பன்னிரண்டு வயலின்களும் ஒரு வீணையும் அங்கே இருப்பதாகத் தோன்றும். கண்களைத் திறந்தால் இருப்பது ஒரு மடிக்கணினி, ஒரு சிறு கீபோர்டு, அதன் பின்னால் ஒரு கல்லூரி மாணவர். இதைப் பழிப்பதும் எளிது, வியப்பதும் எளிது. திறனாய்வு கேட்க வேண்டியது வேறொன்று: அங்கே ஒரு கருவி வாசிக்கப்படுகிறதா, அல்லது ஒரு பதிவு ஓடவிடப்படுகிறதா?

வினா புதிதன்று. 1958 செப்டம்பர் 3ஆம் நாள் உரோமைத் திருச்சடங்குப் பேராயம் வெளியிட்ட திரு இசை பற்றிய போதனை ஏடு, ஒருவர் தாமே இயக்கி வாசிக்கும் கருவிகளுக்கே திருவழிபாட்டில் இடம் தந்தது. தானாக இயங்கும் கருவிகளையும் இசைத்தட்டு, ஒலிநாடா போன்றவற்றையும் விலக்கியது. மின் ஆர்கனைக்கூடக் குழல் ஆர்கனுக்கு வழியில்லாத இடங்களில் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவிலேயே ஏற்றது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1963 டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு கதவை அகலத் திறந்தது. குழல் ஆர்கனின் சிறப்பைப் போற்றிவிட்டு, ஆலயத்தின் மாண்புக்குப் பொருந்துவனவும் இறைமக்களின் பக்தியை வளர்ப்பனவுமான பிற கருவிகளையும் அது ஏற்றுக்கொண்டது. ஆகவே 1958ஆம் ஆண்டின் ஏட்டைச் சட்டப் புத்தகமாக நீட்டி இளைஞரை மிரட்ட நான் வரவில்லை. ஆனால், கையால் வாசிப்பதற்கும் தானாக ஓடுவதற்கும் இடையே அது வரைந்த கோடு இன்னும் அழியவில்லை. சாம்ப்ளர் என்னும் மென்பொருள் கருவி சரியாக அந்தக் கோட்டின்மேல் அமர்ந்திருக்கிறது. அதன் ஒவ்வோர் ஒலியும் முன்னரே எங்கோ பதிவானது. ஒவ்வொரு சுரமும் இந்தக் கணத்தில் ஒரு விரல் தொட்டதால் பிறப்பது.

அது இயங்கும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். ஓர் இசைக்கலைஞர் தம் கருவியின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வாசிக்கிறார். அவை பதிவு செய்யப்பட்டுக் கீபோர்டின் கட்டைகளோடு இணைக்கப்படுகின்றன. கட்டையை எவ்வளவு வேகத்தில் அழுத்துகிறோம் என்பதை 1983இல் வந்த 'மிடி' முறை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கித் தருகிறது. இதற்கு 'வெலாசிட்டி' என்று பெயர். அந்த எண்ணைக் கொண்டு ஒலியைக் கூட்டிக் குறைத்தால் போதும் என்று தொடக்கத்தில் எண்ணினார்கள். போதாது. உரத்த கூவலின் ஒலியளவைக் குறைத்தால் அது மென்குரல் ஆகிவிடாது. தொலைவில் கேட்கும் கூவலாகவே இருக்கும். மெல்லத் தொட்ட பியானோ தந்தியின் நிறமே வேறு, ஓங்கித் தட்டிய தந்தியின் நிறமே வேறு. எனவே ஒரே சுரத்தை மென்மையாகவும் நடுத்தரமாகவும் வன்மையாகவும் பதிவு செய்து அடுக்கினார்கள். ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குத் தாவும்போது காதுக்குப் படி தட்டாமலிருக்க, ஒன்று தேய மற்றொன்று வளருமாறு இடையில் ஒரு கலப்புப் பகுதியை அமைத்தார்கள். அதுவே 'கிராஸ்ஃபேடு'.

சிக்கல் அந்தக் கலப்புப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே ஒன்றல்ல, இரண்டு பதிவுகள் ஒருசேர ஒலிக்கின்றன. மென்மையான பதிவு 440 ஹெர்ட்ஸிலும் வன்மையான பதிவு 442 ஹெர்ட்ஸிலும் இருந்தால், இரண்டும் கலக்கும்போது நொடிக்கு இரண்டு முறை ஒலி துடிக்கும். ஊதும் கருவிகளில் வேகமாக ஊதினால் சுருதி சற்று விலகுவது இயல்பு. ஆகவே இந்த வேறுபாடு பதிவாளரின் பிழையன்று, கருவியின் குணம். முதலில் அடுக்குகளின் சுருதியைச் சேர்த்துவிட்டுப் பிறகே கலப்பின் அகலத்தைத் தொட வேண்டும். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துடிப்பை மறைக்க எதிரொலியைக் கூட்டுகிறார்கள். ஆலயம் ஏற்கெனவே எதிரொலிக்கும் கட்டடம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அகலத்திலும் விவேகம் வேண்டும. வயலின் கூட்டத்துக்கோ பாடகர் குழுவுக்கோ அகன்ற கலப்பு பொருந்தும், அங்கே பலர் இருப்பது இயல்பு. ஒற்றைப் புல்லாங்குழலுக்கு அதே அகலத்தைக் கொடுத்தால், பாட்டின் நடுவில் இரண்டாம் குழலர் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டு, பின் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். கலப்பின் சரிவைப் பற்றியும் ஒரு சொல்: இரண்டு பதிவுகளும் நடுவில் சரிபாதியாகக் குறையும்படி நேர்கோட்டில் அமைத்தால், அந்த இடத்தில் ஒலி ஏறத்தாழ 3 டெசிபல் பள்ளத்தில் விழும். வளைந்த சரிவு அதைத் தடுக்கும்.

இத்தகைய ஓசை நமக்கு எப்படிப் பழக்கமாயிற்று என்பதை எண்ணிப் பார்க்கலாம். தாம்பரத்தில் மின்தொடர் வண்டியில் ஏறினால் அதே பாதையில் கோடம்பாக்கம் வருகிறது. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசையமைத்தது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. 1992இல் 'ரோஜா' வந்தபோது, ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டை ஒட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கிய ஒலி, தமிழ்நாட்டின் காதையே மாற்றியது. அந்த மாற்றத்தின் பேரப்பிள்ளைகளே நம் பாடகர் குழு இளைஞர்கள். ஆனால் ரஹ்மான் சாம்ப்ளரை நம்பியதோடு நின்றவரல்லர். உயிருள்ள குழலையும் குரலையும் அதனோடு பின்னினார். நம்மவர் பலர் முதற்பாதியை மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

தமிழ்க் காதுக்கு மிக நெருக்கமான இடத்தில் சாம்ப்ளர் தடுமாறுவதையும் சொல்லியாக வேண்டும். ஒரே பதிவைப் பல கட்டைகளுக்கு இழுத்துப் பயன்படுத்தும்போது, அரைச்சுரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு வேகத்தை ஏற்றிச் சுருதியை உயர்த்துவது பழைய முறை. வீணையில் தந்தியின் சுருதி மாறும், பலாமரக் குடம் மாறாது. இழுக்கப்பட்ட பதிவிலோ தந்தியோடு குடமும் சுருங்குகிறது. மனிதக் குரலை நான்கு அரைச்சுரங்கள் இழுத்தால் பெரியவர் சிறுவராவதும் இதனால்தான். கமகமும் அப்படியே. கீபோர்டின் சுருதிச் சக்கரத்தைத் திருப்பினால் சுரம் வளையும். ஆனால் தந்தியை இழுக்கும் விரலின் தடை அதில் இல்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணமும் கமகமே. இன்று சாம்ப்ளரில் ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனித்தனியே அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் திருத்தலாம். சுருதிக் கணக்குக்காகத் தஞ்சையில் வாழ்நாளைச் செலவிட்டு, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் கையில் இப்படி ஒரு கருவி கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்! நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை நாம் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆலயத்தில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. ஆர்கன் ஒலியைத் தேர்ந்துவிட்டு, வெலாசிட்டிக்கு ஏற்ப அது ஏறி இறங்குமாறு விட்டுவிடுகிறார்கள். குழல் ஆர்கனின் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் குழல் ஒரே அளவில்தான் ஒலிக்கும். ஏற்ற இறக்கம் நிறுத்தங்களாலும் காலடி மிதியாலும் வருவது. ஆர்மோனியத்தில் அது துருத்தியின் வேலை. இவ்விரண்டுக்கும் வெலாசிட்டியை அணைத்துவிட்டு, ஒலியளவை மிதிக்குக் கொடுக்க வேண்டும். நாகசுரத்துக்கும் குழலுக்கும் அடுக்குகளின் கலப்பையே விரலிடமிருந்து எடுத்து இடக்கைச் சக்கரத்திடம் ஒப்படைப்பது நல்லது. வெலாசிட்டி சுரத்தின் பிறப்பை மட்டுமே அறியும். ஊதுபவரின் மூச்சோ சுரம் முடியும்வரை உடன் இருக்கிறது. இதைச் செய்பவர் தம் இரு கைகளாலும் வாசிக்கிறார். அவர் கையில் சாம்ப்ளர் கருவியாகிறது, 1958இன் கோட்டுக்கு இப்பால் வந்துவிடுகிறது என்பது என் முடிவு.

அப்பால் நிற்பது வேறொன்று. ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பேஸும் கிட்டாரும் தாமே ஓடும் 'ஸ்டைல்' என்னும் வசதி அது. கோயில்களில் பூசை நேரத்தில் மின்விசையால் முழங்கும் முரசு இயந்திரத்தைக் கண்டு நகைக்கும் நாம், நம் காணிக்கைப் பவனியில் அதையே வேறு உருவில் ஓட்டுகிறோம். முதிய பெண்மணி ஒருவர் பாட்டின் அடியைச் சற்று நீட்டிப் பாடினால் அந்தத் தாளம் அவருக்காகக் காத்திருப்பதில்லை. விரல் காத்திருக்கும். 1967 மார்ச் 5ஆம் நாள் வந்த திரு இசை ஏடு, கருவிகள் குரலைத் தாங்கி மக்களின் பங்கேற்பை எளிதாக்க வேண்டும், பாட்டின் சொற்கள் கேளாதபடி அமுக்கிவிடக் கூடாது என்கிறது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. பாடகர் குழுவும் உதவ வேண்டியதில்லை.

பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' பாடலுக்குப் பின் பாஸ்கா திருவிழிப்பின் 'உன்னதங்களிலே' வரை, பாடலைத் தாங்குவதற்கன்றிக் கருவிகள் ஒலிப்பதில்லை. திருவிழிப்பு இரவில் மணிகள் முழங்கக் கருவி மீண்டும் நுழையும் இடத்தை, பாடகர் குழுவினர் முந்தைய வாரமே மக்கள் இல்லாத ஆலயத்தில் சோதித்துப் பார்ப்பது நலம். மூன்று நாள் அடக்கத்துக்குப் பின் இளைஞரின் விரல் மகிழ்ச்சியில் ஓங்கி விழும், எண் 127ஐத் தொடும், வன்மையான அடுக்கு முழுவதும் திறந்துகொள்ளும். அந்த ஓர் இரவுக்காவது வெலாசிட்டியின் மேல் எல்லையை 100 அளவில் நிறுத்திவைத்தால், மக்கள் எடுக்கும் முதல் அடி கேட்கும்.