பெயரில்லாதவன் எழுதும் பயோடேட்டா

தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளின் ஆங்கிலப் பாடநூலைப் பற்றி இரண்டு விதமான புகார்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "கதையும் கவிதையும் எதுக்குங்க, வேலைக்கு ஆகிற இங்கிலீஷைச் சொல்லிக்கொடுங்க" என்பது ஒன்று. "வேலை வேலைன்னு இலக்கியத்தைக் கொன்னுட்டாங்க" என்பது மற்றொன்று. பதினொன்றாம் வகுப்புக்கு 2018இலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019இலும் வந்த புத்தகங்களை வகுப்பில் நடத்திவருகிறேன். இரண்டு தரப்புமே அவற்றைப் பிரித்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்கான ஆங்கிலம் என்று தேர்வில் இருப்பது என்ன? ஒரு விளம்பரத்தைக் கொடுத்து, அதற்கு விண்ணப்பமும் பயோடேட்டாவும் எழுதச் சொல்வார்கள். விடைத்தாளில் மாணவரின் அடையாளம் தெரியக் கூடாது என்பது விதி. ஆகவே பெயர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், முகவரி ஒய் ஒய் ஒய். படிப்பும் அனுபவமும் விளம்பரம் கேட்டபடி கற்பனையாக நிரப்பப்படும். "சார், இவன் யாருங்க?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. தன்னைப் பற்றி எழுதுவதற்கென்றே ஏற்பட்ட ஒரு வடிவத்தை, தன்னை முழுக்க மறைத்துவிட்டு எழுதப் பழக்குகிறோம். மனப்பாடம் செய்தால் முழு மதிப்பெண் கிடைக்கும். அதே பையன் பனியன் கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பித்தான் விடுமுறை வேலையைப் பிடித்தான்.

பாடத்தின் முடிவில் வரும் ஐசிடி கார்னரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படிப்படியாக எந்தப் பட்டனை அழுத்துவது என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். அதைக் காட்டிலும் வேகமாக அழுத்தத் தெரிந்தவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தொழிலுக்கான நல்ல ஆங்கிலம் இலக்கியப் பகுதியில்தான் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புத் துணைப்பாடத்தில் செட்ரிக் மவுண்டின் 'நெவர் நெவர் நெஸ்ட்' நாடகம் வருகிறது. வீடு, கார், மேசை நாற்காலி எல்லாமே தவணையில் வாங்கிய இளம் தம்பதி. வாரச் சம்பளம் ஆறு பவுண்டு, வாரத் தவணை ஏழு பவுண்டுக்கு மேல். மீதியைக் கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள். பெற்ற பிள்ளைக்கே டாக்டரிடம் ஒரு தவணை பாக்கி. வகுப்பு முதலில் சிரிக்கும், பிறகு கொஞ்சம் அடங்கிவிடும். கடன் செயலிக்காரன் வீட்டுக்கு போன் போட்டுத் திட்டியதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இருக்கிற வகுப்பு அது. ஒரு கடன் ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் எப்படி வாசிப்பது, வட்டி எங்கே ஒளிந்திருக்கும் என்று பேச இதைவிட வசதியான இடம் ஏது? புத்தகம் அந்தப் பக்கம் போகவே இல்லை. யார் யாரிடம் சொன்னது, கதாபாத்திரத்தின் குணம் என்ன என்ற கேள்விகளோடு நின்றுவிடுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் ஆர்வெல்லின் தேநீர்க் கட்டுரை. 1946இல் செய்தித்தாளுக்கு எழுதியது, பதினொரு விதிகள். செய்முறை எழுதுவதற்கு இதைவிட நல்ல மாதிரியை நான் பார்த்ததில்லை. பானையை முன்னமே சூடாக்கு என்கிறார். எப்படிச் சூடாக்கினால் மேல் என்றும் சொல்கிறார். எந்த விதியில் சண்டை வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஹிலாரியின் சிகர அனுபவத்தில் ஆக்ஸிஜன் கணக்கு வருகிறதே, அது ஒரு பொறியாளரின் பதிவேடு மாதிரி. நாமோ அதைத் தன்னம்பிக்கைப் பாடமாக்கி வைத்திருக்கிறோம். கி.ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு பொருளைச் செய்யச் சொல்லும் முன் ஒரு வீடு எவ்வளவு பேசுகிறது என்பதை அந்தக் கதையில் பார்க்கலாம்.

இந்தக் குறை அதிகம் உறைப்பது தொழிற்கல்விப் பிரிவில். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்வியும் வந்தது. செவிலியம் படிக்கிற பெண்ணும் இயந்திரவியல் படிக்கிற பையனும் மற்றவர்களின் அதே ஆங்கிலப் புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள். அது சரியான ஏற்பாடு என்பேன். அவர்களுக்கென்று தனியாக மெலிந்த ஒரு 'கம்யூனிகேஷன்' புத்தகம் கொடுத்தால், இலக்கியம் உனக்கில்லை என்று சொன்னதாகிவிடும். ஆனால் அந்தப் பெண் நாளைக்கு வார்டில் ஷிப்ட் மாறும்போது நாலு வரியில் நோயாளியின் நிலையை எழுதிவைக்க வேண்டும். அந்த நாலு வரிக்குத் தேவையான சிக்கனத்தை ஹிலாரியிடம் காட்டலாம். யாரும் காட்டச் சொல்லவில்லை. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் வேலைவாய்ப்பு பற்றித் தனியாகப் பேசுகிறோம். ஆங்கிலம் இன்னொரு பீரியடில் இருக்கிறது. இரண்டும் ஒரே பள்ளிக்குள் முகம் பார்க்காமல் நடக்கின்றன.

போன வருஷம் ஆர்வெல்லை முடித்ததும், அவரவர் வீட்டில் நடக்கும் ஒரு வேலைக்கு ஆங்கிலத்தில் விதிகள் எழுதச் சொன்னேன். பவர் டேபிள் ஓட்டும் அம்மாவிடம் கேட்டு ஓவர்லாக் மிஷினில் நூல் கோர்ப்பதை ஒருத்தி எழுதினாள். டீக்கடைக்காரர் மகன் ஒன்பது விதி எழுதினான், அதில் நாலு ஆர்வெல்லுக்கு மறுப்பு. சர்க்கரையே கூடாது என்கிறவர் கடை நடத்தியதில்லை என்று காரணமும் சொல்லியிருந்தான். இலக்கணப் பிழைகள் நிறைய; அர்த்தம் எங்கேயும் தடுக்கவில்லை. 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. அகமதிப்பீட்டுக்குரிய 10இல்தான் சேர்த்துக்கொண்டேன்.