வரவெல்லாம் வருமானமா?

கர்நாடக அரசு 2007-இல் தொடங்கிய சந்தியா சுரக்ஷா ஓய்வூதியம், 65 வயதைக் கடந்த சிறு விவசாயிகள், கூலிக்காரர்கள், நெசவாளர்கள், மீனவர்கள், அமைப்புசாராத் தொழிலாளர்கள் ஆகியோருக்கானது. திட்டத்தின் விதிகளில் ஒன்று, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள வைப்புத்தொகை மொத்தமாக 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்கிறது. ஓய்வூதியமோ இப்போது மாதம் 1,200 ரூபாய். மகன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அரசு போடும் பணத்தை ‘ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருக்கட்டும்’ என்று ஒன்பது மாதம் தொடாமல் வைக்கும் மூதாட்டியின் கணக்கில் 10,800 ரூபாய் சேர்ந்துவிடும். கறாரான ஓர் அதிகாரி அந்த பாஸ்புக்கைப் புரட்டினால், அரசு கொடுத்த பணமே அவருடைய தகுதியைக் கெடுக்கப் போதும்.

பாஸ்புக் பொய் சொல்வதில்லை. ஆனால் அதில் எதைத் தேடுகிறோம் என்பதை வைத்தே அது சொல்லும் உண்மையும் மாறுகிறது. நலத்திட்டப் பயனாளிகளின் பழைய வங்கிக் கணக்கைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் மறுஆய்வுக்கு அழைக்கப்படுகிறவர் நான்கு மாத ஸ்டேட்மென்ட்டைக் கொடுக்க வேண்டும். 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பிருந்தால் உதவி நின்றுவிடும். வங்கிகளே அரசுக்குத் தகவல் தரும் சட்டமும் அங்கே 2025-இல் நிறைவேறிவிட்டது. கர்நாடகத்தில் ரேஷன் கார்டு, முதியோர் ஓய்வூதியம், குடும்பத் தலைவிகளுக்கான கிருஹலக்ஷ்மி உதவித்தொகை என்று ஒவ்வொரு பட்டியலும் வருமான வரி, ஜிஎஸ்டி, ஆதார், ‘குடும்பா’ தரவுத்தளம் ஆகியவற்றோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தாத பெயர்க்காரர்தான் ‘நாட கச்சேரி’ என்னும் வருவாய் அலுவலகத்துக்கும் அங்கன்வாடிக்கும் வங்கிக்கும் அலைந்து ‘நான் ஏழைதான்’ என்று நிரூபிக்க வேண்டும்.

சரிபார்ப்பே வேண்டாம் என்று யாரும் வாதாட முடியாது. விவசாயிகளுக்கான பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியில்லாத 42 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கிட்டத்தட்ட 3,000 கோடி ரூபாய் போய்ச் சேர்ந்ததாக 2021 ஜூலையில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் மட்டும் 7 லட்சத்துக்கு மேல். வருமான வரி கட்டுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் பெண்களுக்கான ‘லாட்கி பஹின்’ உதவித்தொகைப் பட்டியலை 2025-இல் சலித்தபோது ஆண்களும் அரசு ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் அகப்பட்டார்கள். கிருஹலக்ஷ்மியில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 2,000 ரூபாய் போகிறது. மாதம் இரண்டாயிரம் கோடிக்கு மேல் செலவாகும் திட்டத்தில் கணக்குக் கேட்பது அரசின் கடமை.

சான்றாகப் பார்த்தாலும் வங்கிக் கணக்குக்குத் தனி பலம் உண்டு. தாலுகா அலுவலக வருமானச் சான்றிதழில் எழுதப்படும் தொகை பெரும்பாலும் வரம்புக்குச் சற்றுக் கீழேயே நிற்கும் அதிசயத்தை அறியாதவர் இல்லை. கர்நாடகத்தில் பிபிஎல் கார்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம் ரூபாய். மாதம் 10,000 ரூபாயில் பெங்களூரில் வீட்டு வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பது சான்றிதழ் கேட்பவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். இந்தப் பரஸ்பர நாடகத்தைவிடத் தேதியும் தொகையும் அச்சிட்ட காகிதம் மேலானதுதான்.

இன்னொரு பலம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாஸ்புக் குடிமகனை அரசுக்குக் காட்டிக்கொடுப்பதுபோலவே அரசையும் குடிமகனுக்குக் காட்டிக்கொடுக்கும். 2025 டிசம்பரில் பெலகாவி சட்டமன்றக் கூட்டத்தொடரில், கிருஹலக்ஷ்மி பணம் ஆகஸ்ட் வரை போட்டாகிவிட்டது என்று சொன்ன அமைச்சர் லக்ஷ்மி ஹெப்பால்கர், பிப்ரவரி, மார்ச் தவணைகள் வரவில்லை என்று எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டபின் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அந்த இரண்டு மாத வரவு கணக்கில் இல்லை என்று தங்கள் பாஸ்புக்கைத் திறந்து காட்டக்கூடிய பெண்கள் மாநிலமெங்கும் இருந்தார்கள்.

இனி குறைகள். முதலாவதும் பெரியதும், கணக்கில் வந்த பணத்தையெல்லாம் வருமானமாக எண்ணுவது. இதன் விளைவைப் பெங்களூரு 2025 ஜூலையில் தெருத்தெருவாகப் பார்த்தது. கர்நாடக வணிகவரித் துறை 2021-22 முதல் நான்கு ஆண்டு யுபிஐ வரவுகளைக் கூட்டிப் பார்த்து, சரக்கு விற்பனைக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்ற வரம்பைத் தாண்டியதாகத் தோன்றிய ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை, காண்டிமென்ட்ஸ், காய்கறிக் கடை எதுவும் தப்பவில்லை. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரியிடம் நான்கு ஆண்டில் 1.63 கோடி ரூபாய் புரண்டதாகச் சொல்லி 29 லட்சம் வரி கேட்டார்கள். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. ஊரெங்கும் கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற அட்டைகள் முளைத்தன, கடையடைப்பும் அறிவிக்கப்பட்டது. ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள் என்று சொன்ன பிறகே கொந்தளிப்பு அடங்கியது.

அது வரி விவகாரம், நலத்திட்டம் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. கடைக்காரரின் கணக்கில் வந்ததில் கொள்முதல் விலை உண்டு, கைமாற்று உண்டு, சம்சாரத்தின் சீட்டுப் பணம் உண்டு. ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் கணக்கு இன்னும் குழப்பமானது. சுயஉதவிக் குழுவின் கடன் குழுத்தலைவி கணக்கில் இறங்கிப் பத்துப் பேருக்குப் பிரியும். மைக்ரோஃபைனான்ஸ் கடன் 50,000 ஒரே நாளில் வந்து, பழைய கடனை அடைக்க அதே வாரத்தில் வெளியேறும். கடன் வசூல் கொடுமைக்காக 2025 பிப்ரவரியில் தனி அவசரச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் கர்நாடகம். இங்கே பெரிய வரவு பல சமயம் கடன் சுமையின் அடையாளம். அதை வசதியின் அடையாளமாகப் படிக்கிறவர், உதவி அதிகம் தேவைப்படுகிற வீட்டிலேயே முதலில் கைவைப்பார்.

இரண்டாவது குறை, ‘பழைய’ என்ற நிபந்தனையில் இருக்கிறது. ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் 2017-இல் எஸ்பிஐயோடு கலந்தது. பெங்களூரின் விஜயா வங்கி 2019-இல் பேங்க் ஆஃப் பரோடாவானது. 2020-இல் சிண்டிகேட் கனராவோடும் கார்ப்பரேஷன் வங்கி யூனியன் வங்கியோடும் போயின. 2025 மே மாதம் மாநிலத்தின் இரண்டு கிராமிய வங்கிகளும் ஒன்றாயின. பத்தாண்டுக்கு முன் கணக்குத் தொடங்கிய ஒருவர், பெயர்ப்பலகை மாறிய கிளையில், மாறிப்போன ஐஎஃப்எஸ்சி எண்ணோடு போய் நின்று பழைய ஸ்டேட்மென்ட் கேட்க வேண்டும். நகலுக்குக் கட்டணம் உண்டு. அன்றைய கூலியும் போகும். சம்பளக்காரருக்கு மொபைலில் நான்கு முறை தட்டினால் கிடைப்பது, பட்டன் போன் வைத்திருக்கும் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு இரண்டு நாள் வேலை.

எவ்வளவு பின்னோக்கிப் போகலாம் என்பதிலும் ஒரு முரண் உண்டு. வருமான வரித் துறைக்கே எல்லை இருக்கிறது. தப்பிய வருமானம் 50 லட்சத்துக்குக் குறைவென்றால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்க முடியாது. மாதம் 1,200 ரூபாய் வாங்குகிறவருக்கு இப்படியொரு கெடுத்தேதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்தப் பாதையில் கடைசிவரை போய்ப் பார்த்த நாடு ஆஸ்திரேலியா. ‘ரோபோடெட்’ என்று பெயர் வாங்கிய திட்டத்தில், வரித் துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, அதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சமமாகப் பிரித்து, உதவித்தொகை வாங்கிய காலத்தோடு கணினி ஒப்பிட்டது. ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் வேலையின்மை என்று வாழ்ந்தவர் ஆண்டு முழுவதும் சம்பாதித்தவராகத் தெரிந்தார், கடனாளியானார். இல்லையென்று நிரூபிக்க வேண்டுமானால் பல ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் அவரே தேடிக் கொண்டுவர வேண்டும். கொண்டுவர முடியாதவர்கள் வாங்காத கடனைக் கட்டினார்கள். 2019 நவம்பரில் நீதிமன்றத்தில் அரசு தோல்வியை ஒப்புக்கொண்டது. பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் 2023 ஜூலையில் தந்த அறிக்கை, அது நியாயமும் இல்லாத, சட்டமும் இல்லாத முறை என்று தீர்ப்பளித்தது. ஆதாரம் தேடும் பொறுப்பைச் சந்தேகப்படுகிறவரிடமிருந்து சந்தேகிக்கப்படுகிறவர் தலைக்கு மாற்றியதில்தான் அத்தனை அழிவும் தொடங்கியது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்து மாநிலமே போதும். தெலங்கானாவில் கணினி ஒப்பீட்டின் பேரில் ரத்தான 19 லட்சம் ரேஷன் கார்டுகளை நேரில் விசாரித்து மறுபடி சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கர்நாடகத்தில் 2024 நவம்பரில் பிபிஎல் கார்டுகளைக் களையும் வேலை தொடங்கியதும், வங்கிக் கடனுக்காக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்கள், ஒரு ரூபாய் வரி கட்டாதவர்களும்கூட, பட்டியலிலிருந்து விழுந்தார்கள். கூச்சல் எழுந்தபின், வரி செலுத்துவோரையும் அரசு ஊழியரையும் தவிர மற்றவர் கார்டுகளைத் தொடக் கூடாது என்று முதலமைச்சர் சொல்ல வேண்டியிருந்தது. தரவு தவறவில்லை, கணக்குத் தாக்கல் செய்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

அந்தரங்கம் என்ற கேள்வி ஏழைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ஸ்டேட்மென்ட்டில் எந்த மருத்துவமனைக்குப் பணம் போனது, எந்தக் கட்சிக்கு நன்கொடை போனது, பிறந்த வீட்டுக்குக் கணவனுக்குத் தெரியாமல் எவ்வளவு அனுப்பினாள் என்பதெல்லாம் வரிசையாக நிற்கும். தெரிந்தவர்கள் வேலை பார்க்கும் வட்டார அலுவலகத்தில் அதன் ஜெராக்ஸ் பல மேசைகளைக் கடக்கும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கி தொடர்பான வழக்கில், ஆவணத்தை வங்கியிடம் ஒப்படைத்தாலும் அதன்மீது வாடிக்கையாளருக்குள்ள அந்தரங்க உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இலேயே சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் வந்த தீர்ப்பு, பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி பெயரிலேயே வழங்குகிறது. தலையீடு தேவைக்கு மிஞ்சக் கூடாது என்பது அதன் சாரம்.

தேவைக்கு மிஞ்சாமல் கேட்கும் கருவி இல்லாமலும் இல்லை. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ ஏற்பாட்டில், எந்த நோக்கத்துக்காக, எந்தக் காலத்துக்கான கணக்கு, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கெல்லாம் வாடிக்கையாளர் தனித்தனியாக ஒப்புதல் தரலாம். ஆனால் ரிசர்வ் வங்கி போன்ற நிதித்துறைக் கட்டுப்பாட்டாளர்களின் கீழ் உள்ள நிறுவனங்களே அதில் தகவல் பெற முடியும். கார் கடன் கேட்கிறவருக்கு அந்த நாகரிகம் கிடைக்கிறது; ஓய்வூதியம் கேட்கிறவருக்கு ஜெராக்ஸ் கடைதான்.

மாற்று வழிக்குத் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கும் வருமான வரம்பு உண்டு, ஆண்டுக்கு 2.5 லட்சம். அதை நிரூபிக்க வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. நிலம், நான்கு சக்கர வாகனம், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று அரசிடமே இருக்கும் தகவல்களை அரசே பார்த்துக்கொண்டது. மறுக்கப்பட்டவர் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். இதிலும் ஓட்டைகள் உண்டு: ஒரே மீட்டரில் நான்கு குடித்தனம் இருந்தால் யூனிட் கணக்கு யாரைச் சேரும் என்பது போன்றவை. மின்கட்டணமும் வருமானத்தை ஊகிக்கும் ஒரு குறியே. விடுபட்டவர்கள் குரல் கொடுத்ததில் 2025 டிசம்பரில் மேலும் பல லட்சம் பெண்களைச் சேர்க்க வேண்டிவந்தது. ஆனால் தேடும் வேலை அரசின் தலையில் இருந்தது.

ஆக, பாஸ்புக்கைக் கேள்வி கேட்கப் பயன்படுத்துவதில் தவறில்லை; தீர்ப்பு எழுதத்தான் அது போதாது. சந்தேகம் எழுந்த கணக்கை மட்டும், ஓராண்டுக்கு மேல் போகாமல் கேட்கலாம். எந்த வரவு உறுத்துகிறது என்பதைத் தேதியோடு எழுதித் தரலாம். பெங்களூரில் அது கன்னடத்தோடு தமிழிலும் உருதுவிலும் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். நகலை அரசின் ‘பெங்களூரு ஒன்’ சேவை மையத்திலேயே இலவசமாக எடுத்துத் தரலாம். பதில் கேட்டு, விசாரித்து, முடிவெடுக்கும்வரை பணத்தை நிறுத்தாமல் இருக்கலாம். 10,000 ரூபாய் வைப்பு வரம்பை இன்றைய விலைவாசிக்கு உயர்த்த ஓர் அரசாணை போதும்.

இவற்றில் சில சட்டக் கடமையாகவே வரப்போகின்றன. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மானியமும் உதவியும் வழங்குவதற்காகக் குடிமக்களின் தரவைக் கையாள அரசுக்குத் தனி வழி திறந்துவிட்டிருக்கிறது. அதற்கு ஈடாக 2025 நவம்பரில் வெளியான விதிகள், தேவையான அளவு தரவை மட்டும் எடுக்க வேண்டும், அது சரியாக இருக்கும்படி பார்க்க வேண்டும், வேலை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்கின்றன. அவை முழுமையாக நடைமுறைக்கு வருவது 2027 மே மாதம். அதற்குள் கர்நாடகத்தின் வருவாய்த் துறையும் உணவுத் துறையும் மகளிர் நலத் துறையும் தத்தம் அலமாரிகளில் குவிந்திருக்கும் பாஸ்புக் நகல்களை என்ன செய்யப்போகின்றன என்று இப்போதே சொல்லத் தொடங்க வேண்டும்.