ஹூட் போட்ட கேள்விக்குறி

அரசு நிர்வாகம் பற்றி எழுத எனக்குத் தகுதி எதுவும் கிடையாது. படிச்சது பி.இ., பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. இருந்தும் ஆறு மாசமா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கிறிஸ்டோபர் ஹூட் எழுதியவற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஹூட் பிரிட்டிஷ் ஆய்வாளர். கிளாஸ்கோ, சிட்னி, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் என்று பல இடங்களில் பாடம் நடத்தி, 2001 முதல் 2014 வரை ஆக்ஸ்ஃபோர்டில் கிளாட்ஸ்டன் பேராசிரியராக இருந்தவர். நடுவில் 2004 முதல் 2010 வரை பொதுச் சேவைகள் பற்றிய ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்துக்கு இயக்குநர். ஆனால் அவரை உலகம் அறிந்தது 1991-ல் வந்த ஒரே ஒரு கட்டுரையால். தலைப்பு, 'எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற பொது மேலாண்மையா?' தாட்சர் காலத்திலிருந்து அரசு அலுவலகங்களுக்குள் தனியார் கம்பெனி பாணி நுழைந்ததே, இலக்கு, போட்டி, ஒப்பந்தம், சிக்கனம் என்று, அதற்கு 'நியூ பப்ளிக் மேனேஜ்மெண்ட்' என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது இந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். பெயரை எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. தலைப்பில் இருந்த கேள்விக்குறியை யாரும் எடுத்துக்கலை.

அந்தக் கட்டுரையை இன்னிக்குப் படித்தாலும் எனக்கு ஒரு நல்ல ஆர்க்கிடெக்சர் டாக்குமெண்ட் மாதிரிதான் தெரிகிறது. ஒரு நிர்வாகத்திடம் நாம் எதிர்பார்ப்பதை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கிறார். வீணடிக்காமல் சிக்கனமாக இருப்பது சிக்மா. நேர்மையாக, பாரபட்சமில்லாமல் இருப்பது தீட்டா. அடி விழுந்தாலும் நிலைகுலையாமல் தாங்குவது லாம்டா. மூன்றையும் ஒரே வடிவமைப்பில் முழுசாகக் கொண்டுவருவது கடினம் என்கிறார். நாலு சர்வர் போதும் என்ற இடத்தில் ஆறு வைத்தால் நிதிப் பிரிவுக்காரர் அதை வீண் செலவு என்பார். ஒரு ராத்திரி இரண்டு சர்வர் விழும்போதுதான் அது வீணில்லை என்று புரியும். புதிய மேலாண்மை அழுத்தம் கொடுப்பது சிக்மாவுக்கு, மற்ற இரண்டும் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேட்டது. திட்டவில்லை, பாராட்டவும் இல்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு கட்டுரை. 2006-ல் க்வின் பெவனோடு சேர்ந்து எழுதியது, இங்கிலாந்தின் மருத்துவச் சேவையில் இலக்குகள் என்ன செய்தன என்று. உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு 8 நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு இலக்கு. சில இடங்களில் பதிவான நேரங்களை வரைபடமாகப் போட்டால், 8 நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மலை நிற்கிறது, தாண்டியதும் சட்டென்று பள்ளம். வண்டி ஓட்டுவதில் அப்படி ஒரு மலை வராது, எழுதுவதில்தான் வரும். அவசர சிகிச்சைப் பிரிவில் 4 மணி நேர இலக்கு. அங்கே நோயாளிகளை ஆம்புலன்ஸிலேயே வெளியே காத்திருக்க வைத்த இடங்களும் உண்டு, உள்ளே வந்தால் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடுமே!

இப்படி இலக்கு வைத்து ஆள்வதற்கு அடியில் இரண்டு அனுமானங்கள் இருப்பதாகக் கட்டுரை சொல்கிறது. அளக்கும் சின்னப் பகுதி முழுசுக்கும் பிரதிநிதியாக நிற்கும் என்பது ஒன்று. யாரும் கள்ள ஆட்டம் ஆட மாட்டார்கள் என்பது இன்னொன்று. முதலாவது நமக்குப் பள்ளியிலேயே தெரியும், சினையாகுபெயர். 'வெற்றிலை நட்டான்' என்றால் நட்டது கொடி. இலக்கணத்தில் கேட்பவனுக்கு அது புரிந்துவிடும். அரசு ஆணையில் வந்தால் நிஜமாகவே இலையை நடுகிறார்கள்.

இரண்டாவது விஷயத்தில் நான் நல்லவன் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் சப்போர்ட் டீமில் இருந்தேன். டிக்கெட்டை 8 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஏழரை மணி நேரம் ஆனதும் டிக்கெட்டை 'கூடுதல் தகவல் தேவை' என்று தானாக மாற்றி, கடிகாரத்தை நிறுத்தும் ஸ்கிரிப்ட்டை எழுதியவன் நான்தான். 20 வரி இருக்கும். அந்தக் காலாண்டில் பாராட்டு மெயிலும் வந்தது. ஆம்புலன்ஸ் மலையைப் பார்த்தபோது எனக்கு எங்க டாஷ்போர்டுதான் ஞாபகம் வந்தது.

பிறகு 2015. ரூத் டிக்சனோடு எழுதிய புத்தகம், 'நன்றாக வேலை செய்து, செலவும் குறைத்த அரசா?' மறுபடி கேள்விக்குறி. 1993-ல் அமெரிக்காவில் அல் கோர் தலைமையில் வந்த அறிக்கையின் வாக்குறுதியை எடுத்து, பிரிட்டனின் மத்திய அரசை முப்பது வருஷத்துக்கு அளந்து பார்க்கிறார்கள். பெயர் பரவக் காரணமானவரே 24 வருஷம் கழித்துக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம். எங்க துறையில் சிஸ்டத்தை மாற்றி எழுதுபவன் அது முடிவதற்குள் வேற கம்பெனிக்குப் போயிடுவான். ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் நிர்வாகச் செலவு, விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும், ஏறியிருக்கிறது. புகார்களும் வழக்குகளும் கூடியிருக்கின்றன. விடையைவிட எனக்குச் சுவையாக இருந்தது அவர்கள் பட்ட பாடு. சில வருஷத்துக்கு ஒருமுறை கணக்கின் வரையறையையே மாற்றிவிடுவதால் தொடர்ச்சியான எண்களே கிடைப்பதில்லை. அளந்து ஆள்வோம் என்று வந்த சீர்திருத்தம் தன்னை அளக்க பேஸ்லைன் வைக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான வேலை. ஆனால் எனக்கு இரண்டு குறை உண்டு. புகார் கூடினால் சேவை கெட்டுவிட்டது என்று அர்த்தமா? எங்க ஆப்பில் 'பிழையைத் தெரிவி' என்று ஒரு பொத்தான் வைத்தோம், அந்த மாசமே பிழைகள் பல மடங்கு. பிழை கூடவில்லை, வழி திறந்தது. இந்த எதிர்வாதம் தெரியாத ஆட்கள் இல்லை அவர்கள், ஆனாலும் புத்தகத்தின் பாதி எடை அந்தத் தூணில்தான் நிற்கிறது.

இரண்டாவது குறை பெரிசு. செலவு என்பது சிக்மா. புகாரும் வழக்கும் தீட்டா. லாம்டா எங்கே? 1991-ல் மூன்று கேட்டவர் 2015-ல் இரண்டைத்தான் அளக்கிறார். தாங்கும் சக்தியை அளக்கத் தரவு எங்கே கிடைக்கும் என்பது நியாயமான பதில்தான். ஆனால் கிடைக்கும் எண்ணை வைத்து முழுசைப் பேசுவதைத்தானே 2006-ல் அவரே சுட்டிக்காட்டினார்?

புதுசாகப் படிக்கிறவர்கள் 2006 கட்டுரையில் ஆரம்பியுங்கள், கதை மாதிரிப் போகும். 1991 கட்டுரையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். 1998-ல் வந்த 'அரசின் கலை' எனக்கு இன்னும் பாதியில் நிற்கிறது. முடித்தால் எழுதுகிறேன்.